சண்முகத்தாய்க்கு நான் போட்ட பூஜ்யம்

பேச்சு போனவர்களைப் பேச வைப்பது என் தொழில். அந்த அறையில் நாள் முழுக்க அதிகமாகப் பேசுவது யார் என்று கேட்டால், நான்தான்.

பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடைக்குப் பக்கத்தில், படி ஏறாமல் நுழைகிற மாதிரி ஒரே ஒரு அறை. ஒரு மேசை, நாலு நாற்காலி, முகம் பார்க்கிற கண்ணாடி ஒன்று, ஒரு கட்டு படங்கள். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் கையும் காலும் விழுந்து, கூடவே பேச்சும் போனவர்கள் வருவார்கள். கை கால் பயிற்சிக்கு வேறு ஆள் இருக்கிறார். வாய் என் பொறுப்பு. நான் டாக்டர் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் எல்லோருக்கும் நான் டாக்டரம்மாதான். முதல் ஐந்து வருஷம் திருத்திப் பார்த்தேன். அப்புறம் விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், கேட்கக் கேட்கக் கொஞ்சம் பிடித்தும் போய்விட்டது.

என்னைப் போல மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, கேள்வி கேட்டே சோறு தின்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பள்ளிக்கூடமோ பேங்க் கவுண்டரோ தாலுகா ஆபீஸோ, எதுவானாலும் சரி. காலையில் இருந்து கேட்டு, கிறுக்கி, அடுத்த ஆளைக் கூப்பிட்டு நமக்கும்தான் தொண்டை வறண்டு போகிறது. தண்ணி குடிச்சியா என்று ஒரு நாதி கேட்பதில்லை. ஆனால் நாம் கிறுக்கிக் கொடுத்த தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் அவர்கள் என்ன பாடுபடுகிறார்கள் என்று நாமும் கேட்பதில்லை. எனக்கு அது ஒரு தடவை தெரிய வந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

வாத்தியார் வாயில் மிஞ்சியது

முதலில் சிரிக்கிற கதையைச் சொல்லிவிடுகிறேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், டவுனில் நல்ல குடும்பம். நெற்றி நிறையத் திருநீறு, கஞ்சி போட்ட வேட்டி. வாழ்நாளில் ஒரு பையனைக்கூட ‘லே’ என்று கூப்பிட்டதில்லை என்று அவர் மகனே சொன்னார். பக்கவாதத்துக்குப் பிறகு அவரிடம் மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை. அது என்ன வார்த்தை என்று எழுதினால் இதை யாரும் அச்சடிக்க மாட்டார்கள். காபி வேண்டும் என்றாலும் அதுதான், பேத்தியைக் கொஞ்சினாலும் அதுதான். பூசை மணி அடித்ததும் கையைக் கூப்பிச் சாமியைப் பார்த்தும் அதையே சொல்லியிருக்கிறார். சொந்தக்காரர்களை வீட்டுக்குள் விடுவதையே நிறுத்திவிட்டார்கள்.

நான் விளக்கம் சொன்னேன். யோசித்து, தேடி, கோத்துப் பேசுகிற பேச்சு பெரும்பாலும் மூளையின் இடது பக்கத்து வேலை. வசவு, பாட்டு, ஒண்ணு ரெண்டு மூணு இதெல்லாம் வாய் தானாகச் சொல்வது. அது வேறு வழியாகவும் வந்துவிடும். இடது பக்கம் அடிபட்டாலும் அது தப்பித்துக்கொள்ளும். சார் யாரையும் திட்டவில்லை, பேசத்தான் பார்க்கிறார், கையில் அகப்படுவது அது ஒன்றுதான் என்றேன். சார் நான் சொல்லச் சொல்லத் தலையாட்டினார். கண் கலங்கி, எனக்கு நன்றி சொல்ல வாயைத் திறந்தார். அதே வார்த்தை வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. இப்போது நினைத்தால் கூசுகிறது. அவர் மனைவி மட்டும் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. புருஷன் பக்கம் திரும்பிச் சொன்னார்:

“இத்தன வருஷமா இந்த வார்த்தைய எங்க வச்சிருந்தாகன்னு தெரியலியே.”

மாதாவிடம் மட்டும்

உவரியில் இருந்து ஒரு அம்மா வந்தார். கூடையில் மீன் வைத்து வீடு வீடாக விற்றவர், அந்தக் காலத்தில் அவர் குரல் தெருக்கோடி வரை கேட்குமாம். இப்போது தண்ணி, சோறு, மகன் பேரு எதுவும் வராது. ஆனால் ஜெபமாலையைக் கையில் கொடுத்துவிட்டால் போதும், ஜெபம் ஒரு எழுத்துப் பிசகாமல் ஓடும். வீட்டில் எல்லோரும் குணமாகிவிட்டது என்று கேக் வெட்டாத குறை. நான் நடுவில் நிறுத்தி, இப்போது சொன்னதில் இருந்து ஒரே ஒரு வார்த்தையைத் தனியாகச் சொல்லுங்கள் என்றேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. முதலில் இருந்து ஆரம்பித்து அந்த இடத்துக்கு வந்தால்தான் அந்த வார்த்தை வந்தது.

வார்த்தை உள்ளேதான் இருக்கிறது, நாம் கேட்கிற கேள்விக்கு வராது, அதற்கு உரிய நேரத்தில்தான் வரும். இதை என் நோட்டில் கொட்டை எழுத்தில் எழுதி இரண்டு கோடு அடித்து வைத்தேன். எழுதியதோடு சரி. இந்தத் தத்துவத்தை எல்லாம் நான் அவர் மருமகளுக்கு விலாவாரியாக எடுத்துச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே வரியில் முடித்தாள்:

“அப்ப மாதாகிட்ட மட்டும் பேசுவாக, எங்ககிட்ட பேச மாட்டாக. அப்படித்தான டாக்டரம்மா?”

வெள்ளையாய்க் குமிஞ்சு கிடந்தது

இனி நான் சொல்வதெல்லாம் ஒரே ஒரு புருஷன் பெண்டாட்டியைப் பற்றி. அவள் பேரு சண்முகத்தாய். அவர் பேரு நெல்லையப்பன். இரண்டு பேரும் மலைமேல் எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்கள். அவள் கொழுந்து பறித்தாள், அவர் தேயிலை ஃபேக்டரியில் இருந்தார். வேலை முடிந்து கீழே இறங்கி, பத்தமடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீட்டில் குடியிருந்தார்கள். ஒரே மகள், வள்ளியூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அறுபதைத் தாண்டிய அவரை நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். வாரத்துக்கு இரண்டு நாள் சண்முகத்தாயைக் கைத்தாங்கலாகப் பஸ்ஸில் கூட்டிவருவார். அவளுக்கு வலது கை வராது. சடை எப்போதும் கோணலாக இருக்கும், ஆனால் அதில் பிச்சிப்பூ இருக்கும். பின்னினது அவர்தான்.

என்னிடம் இருந்த படக்கட்டு எங்கேயோ வெளியூரில் அச்சடித்தது. படத்தைக் காட்டினால் நோயாளி பேரைச் சொல்ல வேண்டும். துடைப்பத்தைக் காட்டினேன், சண்முகத்தாய் திக்கித் திணறி “வாரியல்” என்றாள். தாளில் துடைப்பம் என்று போட்டிருந்தது. போனால் போகட்டும் என்று மார்க் போட்டேன், நான் என்ன அவ்வளவு மோசமா. அடுத்து ஏதோ குளிர்நாட்டில் பனி பெய்து குமிந்து கிடக்கிற படம். பனியை இங்கே யார் பார்த்தார்கள்? அவள் உற்றுப் பார்த்துவிட்டு “உப்பு” என்றாள். நான் பேனாவை எடுத்துப் பெருக்கல் குறி போட்டேன். என்னிடம் தொழில் பழகப் பயிற்சிக்கு வந்திருந்த பெண்பிள்ளை ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பிள்ளைக்கு முன்னாலேயே அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சண்டைக்கு இல்லாமல் சாதாரணமாகக் கேட்டார்:

“தூத்துக்குடி பக்கம் அப்படி வெள்ளையா குமிஞ்சு கெடந்தா அது உப்புதான டாக்டரம்மா?”

வாய் திறக்கக் கூடாது

அந்தப் பெண்பிள்ளை களுக்கென்று சிரித்துவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே ஒரு சட்டம் போட்டேன்: பரிசோதனை நடக்கும்போது கூட வந்தவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. சட்டம் நியாயமானதுதான். பக்கத்தில் இருப்பவர் எடுத்துக்கொடுத்தால் நோயாளிக்கு எது தெரியும் எது தெரியாது என்று கண்டுபிடிக்க முடியாது. ஆனால் நான் நியாயத்துக்காகப் போடவில்லை, கோபத்தில் போட்டேன். அண்ணாச்சி சரி என்று தலையாட்டிவிட்டு, அடுத்த தடவை வந்தபோது சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

அன்றைக்கு வீட்டு ஆட்களின் பேரைச் சொல்லும் பரிசோதனை. மகளிடம் ஃபோனில் கேட்டுப் பேர்களை எழுதி வைத்திருந்தேன். மகள் பேரைக் கேட்டதும் சண்முகத்தாய் “செல்வி” என்று பட்டென்று சொல்லிவிட்டாள். எனக்கு ஒரே சந்தோஷம். அடுத்து அண்ணாச்சியைக் காட்டி, இவர் பேரு என்ன என்றேன். அவள் அவரைப் பார்த்தாள். அவர்தான், பேரு சொல்லுங்க என்றேன். இடது கையை நீட்டி அவரைக் காட்டினாள், நீயே சொல்லு என்கிற மாதிரி. அப்புறம் தலையைக் குனிந்து லேசாகச் சிரித்தாள். நான் தாளில் ‘உதவி தேடுகிறார்’ என்று எழுதினேன். சிரிப்பை விடுவேனா? ‘பொருத்தமில்லாத சிரிப்பு’ என்று அதையும் எழுதினேன். அண்ணாச்சி சுவரோரம் இருந்து, “அது இல்ல டாக்டரம்மா, அவ எப்பவும் என்—” என்று ஆரம்பித்தார். நான் திரும்பிப் பார்க்காமலே உதட்டில் விரலை வைத்தேன். அவர் நிறுத்திவிட்டார். பிறகு பேரன் ஃபோட்டோவைக் காட்டினேன். “ராசா” என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக. தாளில் பேரன் பேரும் நெல்லையப்பன் என்று இருந்தது. புருஷனுக்கு ஒரு பூஜ்யம், பேரனுக்கு ஒரு பூஜ்யம்.

படிக்கிற உங்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. நான் என்ன வேற்று தேசத்தில் பிறந்தவளா? ரேஷன் கடையில் அப்பா பேரைக் கேட்டால் எங்க அம்மா என் தோளைத் தட்டி, “சொல்லுட்டி” என்பாள். பேரைச் சொன்னால் புருஷன் ஆயுசு குறையும் என்று அவளுக்குப் பயம். தாத்தா பேரை எங்க அண்ணனுக்கு வைத்ததால் ஆச்சி கடைசி வரை அவனைத் துரை என்றுதான் கூப்பிட்டாள். இவ்வளவும் பார்த்து வளர்ந்தவள் நான். ஆனால் மேசையில் தாள் இருந்தது, தாளில் கட்டம் இருந்தது, கட்டத்தைத் தவிர வேறு ஒன்றும் என் கண்ணில் படவில்லை. பேச்சு நன்றாக இருக்கிற பொம்பளை என்றால், இந்த ஊர்ப் பெரிய கோயில் சாமி பேரு என்றோ, பேரனுக்கு வச்ச பேருதான் என்றோ சுற்றிவளைத்தாவது சொல்லியிருப்பாள். அந்தச் சுற்றுவழிக்கு எத்தனை வார்த்தை வேண்டும்! சண்முகத்தாயிடம் அவ்வளவு வார்த்தை இல்லை. நேர்வழியில் போக அவளுக்கு மனசு இல்லை.

நான் ஒரு தாளில் மூளைப் படம் போட்டு, இடது பக்கத்தில் கோடு கோடாகக் கிறுக்கி அண்ணாச்சிக்கு விளக்கினேன். மற்ற வார்த்தைகள் மெல்ல வருகின்றன, நெருங்கின ஆட்கள் பேரு சில போய்விட்டது, உங்க பேரும் பேரன் பேரும் அதில் சேர்த்தி என்றேன். அவர் அந்தப் படத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். பேசலாமா என்று கண்ணாலேயே கேட்டார். பேசுங்க என்றேன்.

“அப்ப நான் யாருன்னு அவளுக்குத் தெரியுமா தெரியாதா டாக்டரம்மா?”

வீட்டுப்பாடம்

முகம் தெரியும், பேருதான் தெரியாது, பழகப் பழகத் திரும்பி வரலாம் என்று சொன்னேன். அதோடு விட்டேனா? மார்க் போட்ட தாளில் ஒரு நகலும், கூடவே வீட்டுப்பாடமும் கொடுத்தேன். காலையில் பத்து தடவை, சாயங்காலம் பத்து தடவை எதிரில் உட்கார்ந்து ‘என் பேரு என்ன’ என்று கேட்க வேண்டும். சொல்லவில்லை என்றால் முதல் எழுத்தை மட்டும் எடுத்துக்கொடுக்க வேண்டும். அண்ணாச்சி அதை மாத்திரை மாதிரி, ஒரு வேளை தவறாமல் கொடுத்தார். நாட்காட்டியில் கோடு போட்டுவந்து என்னிடம் காட்டுவார். ஒரு கோடுகூட விட்டுப்போயிருக்காது.

ஒரு மாசம் தாண்டியது. ‘தண்ணி வேணும்’, ‘வெயிலா இருக்கு’ என்று இரண்டு மூன்று வார்த்தை கோத்துச் சொல்ல ஆரம்பித்திருந்த சண்முகத்தாய் அதையும் நிறுத்திவிட்டாள். என் அறைக்கு வந்தால் தரையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். வீட்டில் இவர் எதிரில் வந்து உட்கார்ந்தாலே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள், ஒரு நாள் அழுதுவிட்டாள் என்று அண்ணாச்சி சொன்னார். சில பேருக்கு நடுவில் இப்படித் தேங்கும், விடாமல் செய்யுங்க என்று சொன்னேன். மடச்சி. ஆயுசு குறையும் என்று அவள் பயப்படுகிற காரியத்தை, ஒரு நாளைக்கு இருபது தடவை, அந்த ஆளையே விட்டுக் கேட்க வைத்திருக்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அண்ணாச்சி மட்டும் உள்ளே வந்தார். பேசலாமா டாக்டரம்மா என்று கேட்டார். பரிசோதனை எதுவும் நடக்கவில்லை, என்னுடைய சட்டத்தை அவர் அப்போதும் மறக்கவில்லை. சொல்லுங்க என்றேன். அவள் காதில் விழாதபடி பையச் சொன்னார்:

“நாப்பத்திரண்டு வருசத்துல ஒரு நாள்கூட அவ வாயில என் பேரை நான் கேட்டதில்ல. அது அங்கன இருந்துதா, இப்பம்தான் போச்சான்னு நான் எத வச்சுச் சொல்ல?”

சொல்லாமல் விட்டது

என் கையில் இருந்த பேனா நின்றுபோயிற்று. ரேஷன் கடையும் அம்மாவும் என் தோளில் பட்ட அவள் கையும் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.  எழுந்து அவர் கையைப் பிடித்து, அண்ணாச்சி, தப்பு என்னுடையது, அவளுக்கு உங்க பேரு நல்லாத் தெரியும், வழக்கத்துக்காகத்தான் சொல்லவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு நிமிஷ வேலை.

செய்யவில்லை. பயிற்சிப் பிள்ளை பக்கத்தில் நோட்டும் கையுமாக இருந்தாள். வெளியே இரண்டு பேர் காத்திருந்தார்கள். டாக்டரம்மா என்கிற பேரு வேறு இருக்கிறது, அதைக் காப்பாற்ற வேண்டாமா? இனி பேரைக் கேட்க வேண்டாம் அண்ணாச்சி, அந்தப் பயிற்சி போதும் என்று மட்டும் சொன்னேன். அவர்கள் போன பிறகு என் கோப்பில் இருந்த தாளில் இரண்டு பூஜ்யத்தையும் அடித்துவிட்டேன். அவர் வீட்டில் இருந்த தாளில் பூஜ்யம் அப்படியே இருந்தது. பயிற்சி போதும் என்றால் அவர் என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இனிமேல் வராது என்றுதான் எடுத்துக்கொண்டார். அன்றைக்குக் கிளம்பி வாசல் வரை போனவர் நின்று, என்னைத் தேற்றுகிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார்:

“சரி டாக்டரம்மா. வராததப் போட்டு நோண்டிக்கிட்டே இருந்தா அவளுக்கும் சங்கடந்தான.”

சீட்டு எழுதும் ஜன்னல்

அடுத்த தடவை வந்ததும் சொல்லிவிடுவது என்று இருந்தேன். நிஜமாகவே இருந்தேன். அன்றைக்குப் பத்து மணி தாண்டியும் அவர்கள் வரவில்லை. மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, உங்ககிட்ட வருகிற அண்ணாச்சி பஸ் ஸ்டாப்பில் மயங்கி விழுந்துவிட்டார், பெண்டாட்டியையும் சேர்த்து ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்றார். நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன்.

அண்ணாச்சியை ஸ்ட்ரெச்சரில் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். சீட்டு எழுதும் ஜன்னலில் ஒரே கூட்டம். கூட்டத்துக்கு முன்னால் கோணல் சடையோடு சண்முகத்தாய் நின்றுகொண்டிருந்தாள். பேஷண்ட் பேரு சொல்லுங்கம்மா என்று உள்ளே இருந்தவர் கேட்டார். அவர் வேலை அது. அவள் கதவைக் காட்டினாள். பேரு, பேரு என்றார். அவள் பின்னால் திரும்பி, தனக்குப் பதிலாகச் சொல்ல யாராவது இருக்கிறார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். என் அறையில் அண்ணாச்சியைப் பார்த்த அதே பார்வைதான். நான் கூட்டத்துக்கு இந்தப் பக்கம் இருந்தேன், அவள் கண்ணில் படவில்லை. நான் சொல்லுதேன் என்று கையைத் தூக்கி வாயைத் திறப்பதற்குள் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு, “நெல்லையப்பன்” என்றாள். திக்கவில்லை, இழுக்கவில்லை. எழுதுகிறவர் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, இன்னொரு தடவையும் சொன்னாள்.

நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அவள் தோளைப் பிடித்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷத் தொழிலில் இவ்வளவு தெளிவாக ஒரு வார்த்தையை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. என்னுடைய சந்தோஷம் எனக்கு. அவளுக்கு வேறு கவலை. என் சேலையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடிக் கேட்டாள்:

“சொல்லிட்டேன்… அவுகளுக்கு… ஒண்ணும் ஆகாதுல்லா?”

அண்ணாச்சி நம்பவில்லை

ஒன்றும் ஆகவில்லை. சர்க்கரை இறங்கியிருந்தது. அவளுக்கு இட்லியை ஊட்டிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று தான் சாப்பிடாமல் கிளம்பியிருக்கிறார். இரண்டு நாளில் தெளிந்து உட்கார்ந்துவிட்டார். நான் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நீங்க சொல்ல வந்ததை நான்தான் சொல்ல விடவில்லை, பூஜ்யம் போட்டது என் முட்டாள்தனம், உங்க பேரு அவள் மூளையில் அன்றைக்கும் இருந்தது இன்றைக்கும் இருக்கிறது, நானே காதால் கேட்டேன் என்று சொன்னேன். சாட்சிக்கு ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, சட்டைப் பையில் ஆதார் கார்டு இருந்துச்சுல்லா, அதைப் பார்த்து எழுதியிருப்பாக என்றார்.

அவள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். அண்ணாச்சி அவள் பக்கம் திரும்பி, சொன்னியாட்டி என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்து சிரித்தாள். நான் பொருத்தமில்லாத சிரிப்பு என்று எழுதி வைத்தேனே, அதே சிரிப்பு. எனக்குப் பொறுக்கவில்லை. ஒரே ஒரு தடவை அவுக கேக்கிற மாதிரி சொல்லிரும்மா, எனக்காக என்று கெஞ்சினேன். புருஷன் கண் முன்னால் நல்லபடியாக உட்கார்ந்திருக்கிறார், இனிமேல் அவள் எதற்குச் சொல்ல வேண்டும்? முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, மாட்டேன் என்று தலையாட்டினாள். வற்புறுத்த எனக்கு என்ன யோக்யதை இருக்கிறது? நான் தப்பாகச் சொன்னபோது ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் நம்பிய மனுஷன், நான் சரியாகச் சொன்னபோது என்னைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தார். அவர் கையில் இருந்த சீட்டை நான்காக மடித்து என்னிடமே கொடுத்துவிட்டுச் சொன்னார்:

“என் மனசு ஆறட்டும்னு சொல்லுதிய டாக்டரம்மா. அன்னைக்கு நீங்க சொன்னது மூளையப் பாத்துச் சொன்னது, இன்னைக்குச் சொல்லுதது என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுதது.”

பேச்சு போனவர்களைப் பேச வைப்பதாக வாசலில் போர்டு மாட்டி வைத்திருக்கிற நான், பேச்சு இருந்த ஒரு மனுஷனை அன்றைக்குச் சுவரோரம் இருந்து ஆரம்பித்த அந்த ஒரு வாக்கியத்தை முடிக்க விட்டிருந்தால், போதுமாக இருந்தது.